தன் டோக்கனைத் தானே போட நினைத்தவர்

சவரிமுத்து அண்ணன் இறந்துபோன செய்தி நம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படமாக வந்தது. கறுப்புப் பின்னணி, ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட அவர் முகம், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே அடக்கம் நடக்கும் நேரமும் இடமும். அனுப்பியவர் நல்ல மனிதர். துக்கத்திலும் அவசரத்திலும் அனுப்பியிருக்கிறார், அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்தக் குழுவில் பாதிப்பேர் பார்வையற்றவர்கள். அவர்களுடைய செல்போன்கள் அந்தச் செய்தியைப் 'படம்' என்று மட்டும் வாசித்துவிட்டு நின்றுகொண்டன.

சற்று நேரத்தில் ஆத்தூரிலிருந்து பழனியம்மாள் அக்கா கூப்பிட்டார். ஜவ்வரிசி வடாம் போட்டு விற்கிறவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

"ஏம்மா, குரூப்புல என்னமோ படம் வந்திருக்கு. ஆளாளுக்குக் கைகூப்புற பொம்மை போடுறாங்க. யாருக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் எழுதல. என்னாது அது?"

சொன்னேன். "எழுத்துல போட்டுருங்க. மத்தவங்களும் என்னை மாதிரி தடவிக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எழுதிப் போட்டேன். இதற்காகவே இத்தனை வருடம் சண்டை போட்ட மனிதரின் சாவுச் செய்தியும் இப்படித்தான் வர வேண்டுமா என்று, அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சங்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சேலம் டவுன்காரர். கல்லூரியில் படிக்கும்போது காய்ச்சல் ஒன்றில் பார்வை போனது. வங்கி ஒன்றில் தொலைபேசி இணைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுவார், சுருதி சேராமல் பாடுகிறவர்களைப் பூசை முடிந்ததும் பெயர் சொல்லித் திட்டுவார். நான் வெண்ணந்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். சிறுவயதில் போலியோ, அப்போதிருந்து சக்கர நாற்காலி. கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல், சாதிச் சான்று, ஆதார் திருத்தம் என்று ஊராருக்கு ஆன்லைனில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. எங்கள் பக்கத்துப் பேச்சைக் கிண்டல் செய்வதற்காக என்னை 'அம்மிணி' என்று கூப்பிடத் தொடங்கினார். அதுவே நிலைத்துவிட்டது.

ஒருமுறை சங்கக் கூட்டத்துக்கு வெண்ணந்தூர் வந்தவர், கூட்டம் முடிந்ததும் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். சேலத்தில் அவர் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் தனியார் மருத்துவமனையில் நேரில் டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். இனிமேல் எல்லாம் வலைத்தளத்தில்தான். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அதற்குப் பதிலாக எந்தப் பெயரைப் போட்டாலும் கதை மாறாது.

"பேரு, வயசு சொல்லுங்ணா. ஒரு நிமிசத்துல போட்டுத் தர்றனுங்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

"போட்டுத் தர வேணாம். என் போன்ல நானே போடுறேன். இது எந்த இடத்துல ஊமையாகுதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

அவருடைய செல்போன் திரையில் விரல் படும் இடத்தை எல்லாம் வாசிக்கும். அந்த வலைத்தளத்தில் விரலை வைத்தால், "அன்லேபிள்டு பட்டன்", அதாவது பெயரில்லாத பட்டன் என்றது. நகர்த்தினால் மறுபடியும் அதே. எந்த மருத்துவர், எந்தத் தேதி என்பதெல்லாம் அழகழகான படங்களாக இருந்தன, ஒன்றுக்கும் பெயர் கொடுக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல, தட்டுத்தடுமாறி நாள்காட்டி வரைக்கும் வந்துவிட்டார். அதைக் கடந்தால், படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்து நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. அதைத் தடவிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது என்று பக்கம் மூடிக்கொண்டது.

"எதுக்குங்ணா இந்தப் பாடு? ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் பண்ணுங். நான் போடறனுங்."

அவர் போனை மடியில் வைத்தார். "என் உடம்புக்கு என்னன்னு நான் டாக்டர்கிட்ட சொல்லணும். நடுவுல உங்களை எதுக்கு உட்கார வைக்கணும் அம்மிணி?"

எனக்குச் சுருக்கென்றது. உதவி செய்ய வந்தவளிடம் இப்படியா பேசுவார்கள் என்று இரண்டு நாள் முகம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அதன்பிறகு ஒருநாள் அந்த மருத்துவமனைக்கே நேரில் போனோம். வாசலில் நான்கு படி. என்னை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். அங்கே மக்கள் தொடர்பு அலுவலர் என்று ஒரு தம்பி, திருச்செங்கோட்டுப் பக்கம். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. டீ வாங்கிக் கொடுத்தார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஏனுங் சார், நீங்க எதுக்குங் இந்த வெப்சைட்டுல எல்லாம் சிரமப்படோணும்? நானு ஒருத்தன் எதுக்குங் இருக்கறேன்? இப்பவே போட்றலாமுங். சொல்லுங், ஐயாவுக்கு என்ன தொந்தரவுங்?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். உட்கார்ந்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொந்தரவு உங்க வெப்சைட்டுதான் தம்பி" என்றார் அண்ணன். அந்தத் தம்பியும் சேர்ந்து சிரித்தார். அவருக்குக் கடைசி வரைக்கும் நாங்கள் எதற்குச் சண்டை போடுகிறோம் என்பது புரியவில்லை என்றே நினைக்கிறேன்.

அண்ணன் மாற்றுத்திறனாளிகள் வழக்கை விசாரிக்கும் அரசு அதிகாரியிடம் புகார் கொடுத்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும், வலைத்தளமும் அதில் அடக்கம். காகிதத்தில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. வாய்தா வாங்கிக்கொண்டு வராந்தாவில் காத்திருக்கும்போதுதான் அந்தத் தெளிவு தேய்ந்துபோகும். ஒருமுறை அவர்கள் பக்கத்து வக்கீல் வரவில்லை. ஒருமுறை விசாரிக்கும் அதிகாரிக்கு மாற்றல். ஒருமுறை எங்கள் மனுவே கோப்பில் இல்லை. வெண்ணந்தூரிலிருந்து ஒவ்வொரு முறையும் கடையைச் சாத்திவிட்டு, ஆட்டோ பேசி, நாற்காலியை மடித்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு மதியம் எனக்கு அலுத்தே போய்விட்டது.

"போதுமுங்ணா. எனக்குச் சலிச்சுப் போச்சு."

"சலிச்சுப் போனா கொஞ்ச நேரம் உட்காருங்க அம்மிணி. எந்திரிக்கும்போது எங்கே விட்டோம்னு ஞாபகம் இருந்தாப் போதும்."

"நான் எப்பவுமே உக்காந்துதானுங்ணா இருக்கறேன்."

வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அவருக்கும் சலிப்பு இருந்தது. வீட்டுக்குப் போனால் மனைவி எலிசபெத் அக்காவிடம், நாளைக்கு என்னை எழுப்பாதே என்று சொல்லிவிட்டுப் படுப்பாராம். காலையில் அவரே எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாராம்.

கடைசியில் விசாரணை நடந்த அன்று, "நாங்க தனியாருங்க. அதுவும் வர்றவங்களுக்கு எங்க ஸ்டாஃபே எல்லாம் செஞ்சு குடுக்கறாங்க. இவருக்கு மட்டும் என்னங்க குறை?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அண்ணன் செல்போனை எடுத்து மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, அந்த வலைத்தளத்தைத் திறந்தார். "அன்லேபிள்டு பட்டன்... அன்லேபிள்டு பட்டன்... அன்லேபிள்டு பட்டன்..." அவர் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. முதலில் எல்லோரும் கவனித்தார்கள். பிறகு யாரோ இருமினார்கள். அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார்.

"போதுங்க, நிறுத்துங்க" என்றார்.

"உங்களுக்கு நிறுத்தச் சொல்ல முடியுதுங்க ஐயா" என்றார் அண்ணன்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி சேவையைச் சரிசெய்து அறிக்கை தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அறிக்கையும் வந்தது. என்ன வந்தது தெரியுமா? மருத்துவமனை வாசலில் சாய்தளம் கட்டியிருந்தார்கள்! 'உத்தரவின்படி மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் அமைக்கப்பட்டுவிட்டது, படம் இணைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு கடிதம். அவர்கள் ஏமாற்றவில்லை. மாற்றுத்திறனாளி என்றால் அவர்கள் மனதில் வருவது சக்கர நாற்காலிதான். அன்று வழக்கோடு வந்திருந்தது நான், ஆகவே எனக்குத்தான் குறை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அதற்குத் திறப்பு விழா வேறு. வாழைமரம், தோரணம், ரிப்பன். எங்கள் இருவரையும் அழைத்து, அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்திக் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள், சாய்தளத்தின் நடுவிலேயே. வழவழவென்று கிரானைட் கல் பாவியிருந்தார்கள். பூசணி ஈரத்தில் என் சக்கரம் வழுக்கி, அந்தத் திருச்செங்கோட்டுத் தம்பி ஓடிவந்து பிடித்திராவிட்டால் நான் தோரணத்தோடு தெருவுக்கு வந்திருப்பேன்.

"எப்படி இருக்கு உங்க ரோடு?" என்று அண்ணன் கேட்டார்.

"வழுக்குதுங்ணா. ஆனா தூக்க ஆள் வேண்டியதில்லைங்."

"என் கேஸ்ல உங்களுக்கு ரோடு போட்டுட்டாங்க அம்மிணி. சந்தோசம். எனக்கு இன்னும் கதவே திறக்கல." பொன்னாடையை மடித்துக் கொண்டே சொன்னார். மறுபடியும் மனு எழுதினோம்.

இரண்டாவது தடவை வலைத்தளத்திலேயே கை வைத்தார்கள். முதல் பக்கத்தில் 'மாற்றுத்திறனாளிகளுக்கு' என்று ஒரு பட்டன். பெயர் சரியாகவே கொடுத்திருந்தார்கள், போன் அதை அழகாக வாசித்தது. அண்ணன் ஆசையாக அழுத்தினார். மணி அடித்தது. "வணக்கமுங், சொல்லுங், டோக்கனுங்களா? என்ன தொந்தரவுங்?" அதே தம்பி. அந்தப் பட்டன் அவருடைய செல்போனுக்குப் போகும்படி செய்திருந்தார்கள். அன்று மட்டும் அண்ணன் சிரிக்கவில்லை. 'தவறி அழுத்திட்டேன் தம்பி' என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் அவர் இளைத்திருந்தார். கூட்டத்துக்கு வந்தால் நடுவில் எழுந்து எழுந்து போவார். "உடம்புக்கு என்னங்ணா?" என்று கேட்டதற்கு, "வயசு" என்றார். நானும் விட்டுவிட்டேன். கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன நோவு, எத்தனை நாளாக, யாரிடம் காட்டினார்கள். எனக்கும் அப்போது தெரியாது. ஏழாம் நாள் பூசைக்குப் போனபோது, எலிசபெத் அக்கா என்னை மட்டும் சமையலறைக்குள் அழைத்துப்போய்க் காபி கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரொம்ப நாளாவே அவருக்குத் தெரிஞ்சிருக்குங்க. எங்கிட்டயும் மறைச்சிட்டாரு. அந்த நோவுக்கு உண்டான டாக்டர் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வாரம் ஒருக்கா வர்றாரு. டோக்கன் போடணும்னா அந்தத் தம்பிகிட்ட சொல்லணும். அந்தத் தம்பி கூடத்துல வச்சுச் சத்தமாக் கேக்கும். இவரு பாடுற கோயில் ஆளுங்க பாதிப்பேரு அங்கதான் வைத்தியம் பாக்குறாங்க. அந்த வியாதியை வாய்விட்டுச் சொல்ல இவருக்குக் கூச்சம். நான் கண்டுபிடிச்சப்ப, வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் சொல்றேன் டாக்டர்கிட்டன்னு கெஞ்சினேன். 'கொஞ்சம் பொறு எலிசபெத்து, சரி பண்ணிடுவாங்க, என் டோக்கனை நானே போட்டுட்டுப் போறேன்'னாரு. கடைசியில மயங்கி விழுந்துதான் தூக்கிட்டுப் போனோம். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேன்னு டாக்டர் கேட்டாரு. நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

என்ன நோய் என்பதையும் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். இந்தப் பகுதியை எழுதட்டுமா என்று எலிசபெத் அக்காவிடம் கேட்டபோது, டோக்கன் விஷயத்தை எழுதுங்கள், வியாதியை விட்டுவிடுங்கள் என்றார். கேட்கிறவர்கள் தயவுசெய்து இனிக் கேட்காதீர்கள்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. மருத்துவமனை மேல் கோபம், அது எல்லோருக்கும் புரியும். அண்ணன் மேலும் கோபம்தான். ஒரே ஒரு தடவை யாரிடமாவது சொல்லித் தொலைத்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார். இரங்கல் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் அவரைப் பொறுமைசாலி என்றார்கள், பொறுமைசாலி இல்லை என்று நான் மேடையிலேயே சொன்னேன். பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தை மெச்சவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. கண் தெரிகிற எந்த மனிதனும் தன் நோயைச் சொல்ல, போனை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விடலாம். அவருக்கு அந்த மூலை கிடைக்கவில்லை. அவர் கேட்டது அவ்வளவுதான் என்று எனக்கு அவர் போன பிறகுதான் விளங்கியது.

அவர் இறந்த பிறகு அந்த மனு மறுபடியும் விசாரணைக்கு வந்தது. எனக்குப் போகவே மனமில்லை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. இருந்தாலும் ஆட்டோ பேசிப் போனேன். பழனியம்மாள் அக்காவும் ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, குரலைத் தணித்து, "மனுதாரர் காலமாயிட்டாருங்க. எங்களுக்கும் ரொம்ப வருத்தமுங்க. இத்தோட இதை முடிச்சுக்கலாமுங்களா?" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சாய்தளம் வாங்கிக்கொண்டவள், அந்த வலைத்தளத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறவள். நான் எப்படி மனுதாரராவது?

"நான் இருக்கேங்க" என்று பின்னாலிருந்து பழனியம்மாள் அக்காவின் குரல் வந்தது. "நானும் அங்கதான் வைத்தியம் பாக்குறேன். எம் பேரை எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். இந்த முறை அதிகாரி, எந்தெந்தப் பக்கத்தில் என்னென்ன செய்ய வேண்டும், ஒரு பார்வையற்றவர் உட்கார்ந்து சோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்று வரிவரியாக எழுதினார். மருத்துவமனையில் இதுவரை டோக்கன் போடும் பக்கத்தை மட்டும் சரிசெய்திருக்கிறார்கள். பரிசோதனை முடிவுகள் இன்னும் படமாகத்தான் வருகின்றன, மருந்துக் கடைப் பக்கம் இன்னும் ஊமை. அதற்கெல்லாம் மறுபடியும் வாய்தா. மற்ற மருத்துவமனைகள், துணிக்கடைகள், பஸ் கம்பெனிகள் என்று நினைத்தால் கடையைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன வாரம் கடையில் யாருக்கோ வருமானச் சான்று போட்டுக்கொண்டிருந்தபோது பழனியம்மாள் அக்கா கூப்பிட்டார். டோக்கன் போட்டுவிட்டாராம். யாருமே பக்கத்தில் இல்லையாம். கதவைச் சாத்திக்கொண்டு, தானே, முதல் பட்டனிலிருந்து கடைசிப் பட்டன் வரைக்கும். மெசேஜும் வந்துவிட்டதாம். சந்தோசத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"எந்த டாக்டருக்குங்க்கா? உடம்புக்கு என்னங்?"

"அது எதுக்கு உங்களுக்கு?" என்றார் பழனியம்மாள் அக்கா.

சவரிமுத்து அண்ணனின் நினைவாக எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதில்தான்.